பழைய செலுத்தியும் புதிய மீடிறனும்: ஒரு கருவி மாற்றம் குறித்த சில குறிப்புகள்

மாதிரி விமானங்களை வானொலி அலைகளால் இயக்குவோர் கையில் ஏந்தும் செலுத்தி, இரு வேறு பணிகளைச் செய்யும் இரு பகுதிகளாலானது. ஒன்று விரல்களின் அசைவை மின்சைகையாக மாற்றுகின்றது. மற்றது அச்சைகையை வானொலி அலையில் ஏற்றி வெளியே அனுப்புகின்றது. கோல்கள், அவற்றின் அச்சுகள், மாறுந்தடைகள், ஆளிகள் என்பன அடங்கிய முதற்பகுதியிலேயே நுண்ணிய உழைப்பு மிகுதியாகத் திரண்டுள்ளது; பேணிப் பயன்படுத்தின் அது பல்லாண்டு உழைக்கும். காலங்கடந்ததாகியது இரண்டாம் பகுதி மட்டுமே. ஆயினும் சந்தை கழித்துவிடச் சொன்னது முழுக்கருவியையுமாகும். பயன்பெறுமதி அழியாதிருக்கவே பரிமாற்றுப்பெறுமதி அழிந்துபோகும் இந்நிலையில், பயனாளர் பலர் தமது செலுத்திகளைத் தாமே திறந்து புதிய மீடிறனுக்கு மாற்றிக் கொண்டனர். அம்மாற்றம் எவ்வாறு செய்யப்படுகின்றது, அது எதனை மீட்டுத் தருகின்றது என்பன இங்கு நோக்கப்படுகின்றன.

பழைய ஒழுங்கை முதலில் அறிதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கு 72 மெகாஹேர்ட்ஸ் பட்டையும், பிரித்தானியாவில் 35 மெகாஹேர்ட்ஸ் பட்டையும் ஒதுக்கப்பட்டிருந்தன. அமெரிக்கப் பட்டையில் 1991 முதல் 20 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் 50 அலைவழிகள் இருந்தன. எந்த அலைவழியில் இயங்குவது என்பதைச் செலுத்தியிலும் வாங்கியிலும் செருகப்பட்ட பளிங்கு நிர்ணயித்தது. ஓர் அலைவழியில் ஒரு நேரத்தில் ஒருவரே இயங்கலாம். ஒருவரது விமானம் வானில் இருக்க, அதே அலைவழியில் இன்னொருவர் தமது செலுத்தியை இயக்கினால் பல மாத உழைப்புச் சில விநாடிகளில் நிலத்தில் மோதிச் சிதறும். கீழே நிற்போருக்கும் ஆபத்து நேரும். ஆகவே கழகங்கள் திடலில் ஒரு பலகையை நாட்டி, அலைவழி ஒவ்வொன்றுக்கும் ஒரு முளையை வைத்தன. தமது அலைவழிக்குரிய முளையைக் கையிற் பெறாதவர் செலுத்தியை இயக்குதலாகாது. எல்லோருக்கும் பொதுவான அருஞ்செல்வமொன்றை உறுப்பினர் தாமே பங்கிட்டுக்கொண்ட இவ்வேற்பாடு எளிமையானதாயினும், அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

1985இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டை உட்பட மூன்று பட்டைகளைப் பரவல் நிறமாலை முறைக்கு உரிமப்பத்திரமின்றித் திறந்துவிட்டது. இம்முறையில் சைகை ஒரே மீடிறனில் நில்லாது அகன்ற பரப்பில் விரிகின்றது, அல்லது மீடிறன்களிடையே தாவுகின்றது. தாவல் பற்றிய எண்ணம் பழையது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தீலும் 1942இல் பெற்ற காப்புரிமம் 88 மீடிறன்களிடையே தாவும் ஓர் அமைப்பை விவரித்தது. 2005இல் ஸ்பெக்ட்ரம் என்னும் வணிகப்பெயரில் இப்பட்டையில் இயங்கும் மாதிரி விமானச் செலுத்தி விற்பனைக்கு வந்தது. ஏனைய நிறுவனங்களும் விரைவிலே தொடர்ந்தன. ஒவ்வொரு செலுத்தியும் தனக்குரிய அடையாள எண்ணை அனுப்ப, அவ்வெண்ணுடன் பிணைக்கப்பட்ட வாங்கி அதற்கு மட்டுமே செவிசாய்க்கும். முளைப்பலகைக்கு வேலையற்றுப்போயிற்று.

இது முன்னேற்றமே, அதில் ஐயமில்லை. ஆயின் பொதுவெளி விரிந்த அதே வேளை அதற்குள் புதிய வேலிகளும் எழுந்தன. துடிப்பு இட மட்டிசைப்பு எனத்தக்க பழைய முறையில் ஒரு நிறுவனத்தின் செலுத்தியோடு இன்னொரு நிறுவனத்தின் வாங்கி பெரும்பாலும் இயங்கிற்று. இலக்க முறையான பி.சி.எம். வந்தபோதே இந்நிலை மாறத் தொடங்கியது, 2.4 கிகாஹேர்ட்ஸ் காலத்தில் முற்றாக மாறியது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென மூடிய சைகைமுறையை வகுத்ததனால், செலுத்தி வாங்கியவர் அந்நிறுவனத்தின் வாங்கிகளையே தொடர்ந்து வாங்கவேண்டியவரானார். இவ்வேலியை இயற்பியல் விதி எதுவும் கோரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனி மாற்றும் முறை. பியூட்டாபா, ஜே.ஆர். ஆகிய யப்பானிய நிறுவனங்களின் உயர்தரச் செலுத்திகள் பலவற்றில் வானொலிப் பகுதி முதுகுப்புறத்தில் கழற்றக்கூடிய தனித்தொகுதியாக இருந்தது. அதனைக் கழற்றி, அதே வடிவிலான 2.4 கிகாஹேர்ட்ஸ் தொகுதியைச் செருகினால் போதும். தொகுதி கழறாத மலிவான செலுத்திகளிலேதான் பற்றாசுக்கோலுக்கு வேலை உண்டு. அவற்றைத் திறந்து மூன்று கம்பிகளைத் தேடவேண்டும்: மின்கல நேர்முனை, பொதுமுனை, சைகைக் கம்பி. இச்சைகையில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு துடிப்பு உண்டு. கோல் நடுவில் நிற்கையில் அதன் நீளம் ஏறத்தாழ 1.5 மில்லிசெக்கன், இரு எல்லைகளில் ஏறத்தாழ 1, 2 மில்லிசெக்கன். எல்லாக் கட்டுப்பாடுகளின் துடிப்புகளும் வரிசையாக வந்து, ஏறத்தாழ 20 மில்லிசெக்கனுக்கொருமுறை மீளத் தொடங்கும். பயிற்றுநர் செலுத்தியுடன் இணைக்கும் துளையிலும் இதே சைகையைப் பெறலாம். பழைய வானொலிப் பகுதிக்குச் செல்லும் மின்னைத் துண்டித்து, மூன்று கம்பிகளையும் புதிய தொகுதியுடன் பற்றாசிடவேண்டும். செலுத்தியில் பி.சி.எம். முறை இருப்பின், இத்தகைய தொகுதிகள் அதனை விளங்கிக்கொள்ளா; முறையை முன்னரே மாற்றுதல் அவசியம். மின்கல அழுத்தத்தைத் தொகுதி தாங்குமா என்பதையும் பார்த்தல் வேண்டும். பழைய செலுத்திகள் பல 9.6 வோல்ற்றில் இயங்குவன.

நீண்ட உலோக அன்ரனாவையும் கழற்றலாம். 72 மெகாஹேர்ட்ஸில் காலலை நீளம் 1 மீற்றரைச் சற்றே தாண்டும், 2.4 கிகாஹேர்ட்ஸில் அது 3 சென்ரிமீற்றரளவே. அன்ரனா பூட்டாத நிலையில் தொகுதிக்கு மின்கொடுத்தால் அது பழுதுறக்கூடும்.

வாங்கிகளைத் தப்பவைக்க வழியில்லை. விமானம் ஒவ்வொன்றிலுமுள்ள பழைய வாங்கி அகற்றப்பட்டுப் புதியது பொருத்தப்படவேண்டும். பல விமானங்கள் உடையவருக்கு உண்மையான செலவு இதுவே. நிறுவனத்தின் வேலிக்குள் அகப்படுவதும் இவ்விடத்திலேதான். இவ்வேலியைத் தாண்ட, பயனாளர் குழுவொன்று மூடிய சைகைமுறைகள் பலவற்றை ஆராய்ந்தறிந்து, அவற்றுக்கான நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அந்நிரலைக் கொண்ட பன்முறைத் தொகுதி ஒரே செலுத்தியிலிருந்து பல நிறுவனங்களின் வாங்கிகளோடு பேசுகின்றது. அதனுள்ளிருக்கும் சில்லுகளுள் ஒன்று, கம்பியற்ற கணினிச் சுட்டிக்கும் விசைப்பலகைக்குமென உற்பத்தியானது. ஸ்பெக்ட்ரம் தனது சைகைமுறையைக் கட்டியெழுப்பியதும் இதே இனப் பொதுச்சில்லின் மீதேயாகும். அதனால் எட்டாத சைகைமுறைகள் இன்னும் உண்டு. பியூட்டாபாவின் ஃபாஸ்ற் அவற்றுள் ஒன்று.

முதற்சோதனையின்போது விமானத்தின் சுழலியைக் கழற்றி வைத்தல் கட்டாயம். பியூட்டாபா வரிசையில் இயந்திர வேகக் கட்டுப்பாடு மூன்றாம் இடத்திலும், ஜே.ஆர். வரிசையில் முதலாம் இடத்திலும் உள்ளன. கம்பியை மாறிச் செருகினால், சிறகைத் திருப்ப அசைக்கும் கோல் மின்மோட்டரைச் சுழற்றிவிடும். அதன் எதிரே இருப்பது பெரும்பாலும் மனிதக் கை. பின்னர் வாங்கியைச் செலுத்தியுடன் பிணைத்து, சைகை அற்றுப்போகுமிடத்து இயந்திரம் தானாகவே அடங்குமாறு அமைத்து, செலுத்தியை அணைத்துப் பார்க்கவேண்டும். இறுதியாகத் தொகுதியைக் குறைவலுச் சோதனை நிலையில் வைத்து, நிலத்திலுள்ள விமானத்திலிருந்து 30 மீற்றர் வரை பின்னோக்கி நடந்துகொண்டே கோல்களை அசைக்க, இன்னொருவர் விமானத்தருகே நின்று சிறகுகளின் அசைவைக் கவனித்துச் சொல்லவேண்டும்.