பம்புசெட்டில் குளிக்கும் சொல்

அதிராம்பட்டினம் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934-ஐ ஒட்டிப் பட்டுக்கோட்டைச் சீமைக்கு வந்த கல்லணைக் கால்வாய்த் தண்ணீர், கடலோரம் வரை எட்டுமா என்பது இன்றைக்கும் ஆண்டுதோறும் எழும் கேள்விதான். வாய்க்கால் கைவிட்டால் பம்புசெட்டு. ஆங்கிலத்தில் அது பம்பும் மோட்டாரும் சேர்ந்த ஒரு கூட்டுக் கருவி, அவ்வளவே. அதில் யாரும் குளிக்க முடியாது. ஆனால் இங்கே ‘பம்புசெட்டுல குளிச்சுட்டு வர்றேன்’ என்றால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. மோட்டார்க் கொட்டகை, சிமெண்ட் தொட்டி, குழாயிலிருந்து கொட்டும் தண்ணீர், வரப்போரத் தென்னை நிழல் எல்லாம் சேர்ந்த இடத்துக்கே அது பெயராகிவிட்டது. கடன் வாங்கிய சொல் தன் அகராதிப் பக்கத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

‘செட்’ ஆங்கிலத்திலேயே பெயர்போன சொல். 1989-ல் இருபது தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இதற்குத்தான். வினையாக மட்டும் நானூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள். பெயர்ச்சொல்லையும் சேர்த்துப் பார்த்தால், அத்தனையும் ஒரே வேரில் கிளைத்தவை அல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘உட்கார்’ என்ற வினையின் பிறவினையாக, நம் ‘இரு’வுக்கு ‘இருத்து’ போல, பிறந்தது ஒன்று. ‘பின்பற்றுவோர் கூட்டம்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது இன்னொன்று. ஒலி ஒத்துப்போனதால் இரண்டும் ஒரே சொல்லாகத் தோன்றுகின்றன. தமிழ் முதலில் கைநீட்டி வாங்கியது இந்த இரண்டாவதைத்தான்: மைக்செட்டு, பேண்டு செட்டு, நகை செட், ஒரு செட் பூரி, ‘அவன் எங்க செட்டு’.

வினை வந்த கதை வேறு. தமிழ் அயல் வினையை அப்படியே விகுதி சேர்த்து ஓட்டுவது அரிது. ‘பண்ணு’, ‘ஆகு’ என்ற துணையோடுதான் உள்ளே விடும். அதனால் ‘செட் பண்ணு’, ‘செட் ஆகு’ என்று ஒரு சோடி உண்டாயிற்று. இருத்து, இரு என்ற பழைய பிறவினை, தன்வினைக் கணக்கைத் தமிழ் தன் போக்கில் மறுபடி போட்டுவிட்டது. கலவை இறுகுவதைச் ‘சிமெண்ட் செட் ஆயிருச்சு’ என்பது ஆங்கிலப் பொருள்தான். ‘இந்த வேலை எனக்குச் செட் ஆகல’ என்பதோ ஆங்கிலேயருக்குப் புரியாது. இறுகிப் பொருந்துதல், மனம் பொருந்துதலாக நீண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. மறுபக்கம், ஆங்கிலத்தில் தினமும் புழங்கும் ‘சூரியன் அடைதல்’ என்ற பொருளை நாம் தொடவே இல்லை. சூரியன் செட் ஆவதாக எந்தத் தமிழ் வாயும் சொல்லாது. வேண்டியதை எடுத்து, வேண்டாததை விட்டு, இல்லாததைச் சேர்த்துக்கொள்வதை அடிமைத்தனம் என்பது எப்படி?

ஆனாலும் மறுப்பு வலுவானதே. 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் இதே டெல்டாவின் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். அவர் வழிவந்தோர், ‘அமை, பொருந்து, இணை, தொகுதி என்று தனித்தனிச் சொற்கள் இருக்கையில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் தெளிவு போகாதா?’ என்று கேட்பார்கள். தெளிவு போவதில்லை. ‘கால்’ என்ற நம் சொந்தச் சொல்லையே பாருங்கள்: உடலின் உறுப்பு, நாலில் ஒரு பங்கு, காற்று, நீரோடும் வழி. கால் ஏக்கருக்கு வாய்க்கால் தண்ணீர் கேட்கும் விவசாயி குழம்பியதே இல்லை; பக்கத்துச் சொல் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். அயற்சொல் என்ற குற்றச்சாட்டும் இந்தக் கடற்கரையில் எடுபடாது. பயணத்தைக் குறிக்கும் ‘சபர்’ என்ற அரபுச் சொல்லோடு தமிழ் ‘ஆளி’யைச் சேர்த்து, வெளிநாட்டில் பிழைப்பவரைச் ‘சபுராளி’ ஆக்கியவை கடலோர முஸ்லிம் ஊர்கள். அதைக் கேட்டு இலக்கணம் இடிந்துபோய்விடவில்லை.

ஆனால் ஓர் இழப்பை மறைக்கக் கூடாது. தமிழில் முன்பே ஒரு ‘செட்டு’ இருந்தது; வணிகத்தையும் சிக்கனத்தையும் குறித்த சொல். ‘சிக்கனமும் செட்டுமாக’ என்ற தொடரில்தான் அது பெரும்பாலும் ஒண்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இரு வேர்கள் ஒலியால் ஒன்றான அதே விபத்து இங்கும் நடக்கிறது. வேறுபாடு, இங்கே வந்த சொல் இருந்த சொல்லை நெருக்கித் தள்ளுவதுதான். ‘அவ செட்டா குடும்பம் நடத்துறா’ என்று ஒரு பாட்டி மெச்சினால், பேத்தி அதை ‘எல்லாம் பொருத்தமாக அமைந்துவிட்டது’ என்றே எடுத்துக்கொள்வாள். காசை எண்ணி எண்ணிச் செலவழித்த அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பாட்டி விளக்கித்தான் சொல்லவேண்டியிருக்கும்.