நொண்டிய குதிரை மீண்டும் ஓடுமா?

வல்லம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களில் ஊர் எல்லைக்குப் போனால், அய்யனார் கோயிலின் முன்னே உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலைகளைப் பார்க்கலாம். அடுத்த முறை அங்கே போகும்போது அந்தக் குதிரையின் கால்களைச் சற்று உற்றுப் பாருங்கள். தூண்களைப் போலத் தடித்திருக்கும். பல சிலைகளில் வயிற்றுக்கு அடியில் ஒரு முட்டும் கொடுத்திருப்பார்கள். மண்ணும் சுதையும் தாங்கக்கூடிய எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்பது சிலை செய்தவருக்கு அனுபவத்தில் தெரியும்.

உயிருள்ள குதிரையின் கால் அப்படியா இருக்கிறது? 400 கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே பார்த்தால், காலின் பருமன் நமது மணிக்கட்டைவிடச் சற்றுத்தான் அதிகம். அந்த ஒல்லிக் கால்களை வைத்துக்கொண்டு அது நாலுகால் பாய்ச்சலில் பறக்கிறது! அந்தக் காலில் காயம் பட்டால் என்ன ஆகும்? எத்தனை நாள் ஓய்வு தேவை? ஓய்வு முடிந்த மறுநாளே வண்டியில் பூட்டிவிடலாமா?

எங்கள் பகுதிக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா சென்றவர்கள் அங்கே வரிசையாக உள்ள குதிரை லாயங்களைப் பார்த்திருப்பீர்கள். 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்ற கோட்டை அது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி வீழ்ந்த தேசிங்கு ராஜனையும் அவன் குதிரையையும் நாட்டுப்பாடல்கள் இன்றும் மறக்கவில்லை. அதற்கும் முன்பே, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாக அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கியதையும், சரியான பராமரிப்பு தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை விரைவில் மாண்டுபோனதையும் எழுதி வைத்திருக்கிறார். குதிரையை விலை கொடுத்து வாங்கிவிடலாம். அதன் காலைக் காப்பாற்றத் தனி அறிவு வேண்டும்.

ஜட்காக்காரத் தாத்தா

நான் சிறுவனாக இருந்த 1980-களின் இறுதியில், எங்கள் தெருவில் ஒரு முதியவர் ஜட்கா வண்டி ஓட்டினார். செவலைக் குதிரை. அதன் உழைப்பில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒருநாள் சாலைப் பள்ளத்தில் கால் இடறி, முன்னங்காலின் பின்புறம் வாழைக்காய் போல வீங்கிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, “தசைநாண் கிழிந்திருக்கிறது. கட்டிவைத்து ஓய்வு கொடுங்கள். பல மாதம் ஆகும்” என்றார்.

தாத்தா ஆறு வாரம் பொறுத்தார். அதற்குள் வீக்கம் வற்றியது, நொண்டல் நின்றது. குதிரை தரையைக் குளம்பால் கீறியது, கனைத்தது, கயிற்றை இழுத்துத் துள்ளியது. “கால் சரியாயிடுச்சு தம்பி, பாரு எப்படிக் குதிக்குது!” என்று வண்டியில் பூட்டினார். மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் அதே கால், அதே இடம், முன்னிலும் பெரிய வீக்கம். மறுபடி வந்த மருத்துவர் கோபிக்கவில்லை. “குதிரைக்கு நாள் கணக்குத் தெரியாதுங்க பெரியவரே. அதுக்காக நாமதான் எண்ணணும்” என்றார்.

குதிரை நன்றாகத்தானே நடந்தது? பிறகு ஏன் மறுபடி கிழிந்தது? இதற்கு விடை தெரிய, காலின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

விரல் நுனியில் நிற்கும் விலங்கு

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில் நிற்கிறது. குளம்பு என்பது அந்த விரலின் நகம். முன்னங்காலில் நாம் ‘முழங்கால்’ என்று சொல்வது உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமமான மூட்டு. அதற்குக் கீழே தசை இல்லை என்றே சொல்லலாம். எலும்பும், எலும்பின் பின்னால் ஓடும் தசைநாண்களும்தான். மேலே உள்ள தசைகள் இந்த நாண்களின் வழியாகவே குளம்பை இயக்குகின்றன.

தசைநாண் கொலாஜன் என்னும் புரத இழைகளால் முறுக்கிய கயிறு. அதே சமயம் அது ஒரு சுருள்வில்லும்கூட. கால் ஊன்றும்போது நீள்கிறது. கால் எழும்போது சுருங்கி, சேமித்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. பாய்ச்சலில் இது தன் நீளத்தில் 100-க்கு 10 முதல் 16 பங்கு வரை நீள்வதாக அளந்திருக்கிறார்கள். பொறியாளர்கள் பாலம் கட்டினால், வரக்கூடிய சுமையைவிட மிகுதியாகத் தாங்கும்படி கட்டுவார்கள். குதிரையின் தசைநாணோ அறுபடும் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. நம் குதிரையின் எடை 400 கிலோ. இதில் ஏறத்தாழ 100-க்கு 60 பங்கை முன்னங்கால்கள் தாங்குகின்றன. ஆகவே சும்மா நிற்கும்போது ஒரு முன்னங்காலின் மீது சுமார் 120 கிலோ. நடக்கும்போது எப்போதும் இரண்டு அல்லது மூன்று கால்கள் தரையில் இருக்கும். இருந்தாலும் ஒரு முன்னங்காலின் மீது உச்சச் சுமை 240 கிலோ அளவுக்கு வரும். மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்களாக ஊன்றும் துள்ளோட்டத்தில் அது 400-ஐத் தாண்டும். பாய்ச்சலிலோ ஒரே ஒரு கால் மட்டும் தரையில் இருக்கும் கணங்கள் உண்டு. அப்போது உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது 1000 கிலோ! (இவற்றை 9.8-ஆல் பெருக்கினால் விசை நியூட்டனில் கிடைக்கும்.)

நடக்கும்போது நொண்டாத குதிரை குணமடைந்துவிட்டதா? 240 கிலோவைத் தாங்கும் அளவுக்குக் குணமடைந்திருக்கிறது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

ஓய்வின் இரண்டு முகங்கள்

கிழிந்த தசைநாணில் முதலில் வீக்கமும் சூடும் தோன்றும். சில வாரங்களில் புதிய இழைகள் தோன்றி இடைவெளியை நிரப்பும். ஆனால் அவை வைக்கோற்போரில் கிடக்கும் வைக்கோல் போல நாலா பக்கமும் கலைந்து கிடக்கும். அவை சுமையின் திசையில் ஒழுங்காக அடுக்கப்பட்டு வலுப்பெற ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். தாத்தாவின் குதிரை ஆறாவது வாரத்தில் இருந்த நிலை இதுதான். வலி இல்லை, வலுவும் இல்லை.

அப்படியானால் ஓராண்டும் லாயத்திலேயே கட்டிவைத்தால் போதுமா? போதாது! எந்தத் திசையில் இழுவிசை வருகிறது என்பதை வைத்துத்தான் இழைகள் தம்மை அடுக்கிக்கொள்கின்றன. இழுவிசையே இல்லையென்றால் அடுக்குவதற்கு வழிகாட்டி இல்லை.

எலும்பின் கதையும் இதுவே. எலும்பு தன் மீது வரும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றியமைக்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். விண்வெளி நிலையத்தில் எடையின்றி மிதக்கும் வீரர்களின் இடுப்பெலும்பு, மாதத்துக்கு 100-க்கு 1 முதல் 1.5 பங்கு வரை அடர்த்தி குறைகிறது. லாயத்தில் கட்டுண்ட குதிரையின் எலும்பும் சுமை குறைவதால் மெலிகிறது.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. வேலை இல்லாத குதிரைக்குப் பழைய அளவிலேயே கொள்ளும் தானியமும் போட்டால், மறுபடி வேலைக்குப் போகும் நாளில் தசைகள் இறுகிச் சிதையும். வார விடுமுறைக்குப் பிறகு வண்டிக் குதிரைகளுக்கு இது வருவதைக் கண்டு, மேல்நாட்டார் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆகவே ஓய்வில் தானியத்தைக் குறைத்து, புல்லும் வைக்கோலும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு காலின் சுமையை மற்றக் கால்கள் ஏற்பது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை பார்பரோ 2006 மே 20 அன்று ஓட்டத்தின்போது வலது பின்னங்காலை முறித்துக்கொண்டது. அறுவை மருத்துவர்கள் எலும்பைப் பொருத்தினார்கள். ஆனால் கூடுதல் சுமையைத் தாங்கிய இடது பின்னங்குளம்பில் கடுமையான அழற்சி ஏற்பட்டது. பிறகு முன்னங்கால்களிலும் பரவியது. 2007 ஜனவரி 29 அன்று அதை வலியின்றி மடியச் செய்ய வேண்டியதாயிற்று. மனிதரைப் போலக் குதிரையை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்த முடியாது.

முந்தும் உறுப்பும் பிந்தும் உறுப்பும்

இனி நம் கேள்விக்கு வருவோம். ஓய்வுக்குப் பின் பயிற்சி தொடங்கினால் உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். தசைக்குச் சில மாதம் வேண்டும். எலும்பும் தசைநாணும் கடைசியில்தான் வரும்.

பழைய வீட்டைப் புதுப்பிப்பதை நினைத்துப் பாருங்கள். செங்கல்லைப் பெயர்ப்பது ஒருநாள் வேலை. மறுபடி கட்டிப் பூசி உலர விடுவதோ பல நாள் வேலை. இடைப்பட்ட நாட்களில் சுவர் முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். எலும்பிலும் பழையதை அரித்தெடுக்கும் செல்கள் சில வாரங்களில் வேலையை முடிக்கின்றன. புதியதை நிரப்பும் செல்களுக்கு மாதங்கள் தேவை. கலிபோர்னியாவில் 1990-களில் பந்தயக் குதிரைகளை ஆராய்ந்தவர்கள், இரண்டு மாதத்துக்கு மேல் ஓய்ந்திருந்து திரும்பிய குதிரைகளுக்கு முதல் சில வாரங்களில் முன்னங்காலின் மேற்கை எலும்பு முறியும் ஆபத்து அதிகம் என்று கண்டார்கள்.

மூச்சு வந்துவிட்டது, கால் வரவில்லை. தாத்தாவை ஏமாற்றியதும் இதுதான். துள்ளியது இதயமும் தசையும். சுமையை ஏற்க வேண்டியிருந்தது தசைநாண்.

ஏரிக்கரை நடை

இரண்டாம் முறை தாத்தா நாட்களை எண்ணினார். முதலில் குளிர்ந்த நீரும் கட்டும் முழு ஓய்வும். வீக்கம் தணிந்ததும், காலையும் மாலையும் பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்தினார். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினார். சேற்றிலோ உழுத நிலத்திலோ விடவில்லை. சமமான, இறுகிய ஏரிக்கரைத் தடத்தில், நேர்கோட்டில். வட்டமாகத் திருப்பினால் ஒரு பக்கம் சுமை கூடும் அல்லவா? அய்யனார் குதிரை வரை போய்த் திரும்புவது எங்கள் அளவுகோல். தினமும் திரும்பியதும் காலைத் தடவிப் பார்ப்பார். சூடோ வீக்கமோ தெரிந்தால் முந்தைய வாரத்தின் அளவுக்குப் பின்வாங்குவார். இன்று மருத்துவர்கள் மீயொலிக் கருவியால் இழைகளின் அடுக்கையே படமாகப் பார்த்து அடுத்த படிக்கு அனுமதி தருகிறார்கள். அன்று அவரிடம் இருந்தது உள்ளங்கை மட்டுமே.

மூன்று மாதத்துக்குப் பின் சில நிமிடத் துள்ளோட்டம். ஆறு மாதத்துக்குப் பின் வெறும் வண்டி. நின்ற வண்டியைக் கிளப்பத்தான் அதிக விசை தேவை. உருளத் தொடங்கிவிட்டால் குறைந்த விசை போதும். அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நானும் என் அண்ணனும் பின்னாலிருந்து தள்ளுவோம். நிலைமம் என்ற பாடத்தை வகுப்பில் படிப்பதற்கு முன்பே என் தோள் படித்துவிட்டது! அந்த மாதங்களில் தாத்தா கூலி வேலைக்குப் போனார். குடும்பம் கடனில் நடந்தது. ஓராண்டு கழிந்த பிறகுதான் குதிரை இரண்டு பேருக்கு மேல் ஏற்றியது. அதன் பின் பல ஆண்டுகள் ஓடியது. ஆனால் தழும்பு விழுந்த நாண் பழைய நெகிழ்ச்சியை முழுவதும் பெறுவதில்லை. அவர் அதை ஒருபோதும் விரட்டி ஓட்டவில்லை.

இப்போது ஜட்கா வண்டிகள் மறைந்துவிட்டன. ஆனால் கபடியில் கணுக்கால் பிசகி, கட்டுப் பிரித்த மறுநாளே ஆடுகளத்தில் குதிக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். “வலியே இல்லை, சார்” என்பார்கள். வலி இல்லை என்பது ஒரு செய்தி. வலு வந்துவிட்டது என்பது வேறொரு செய்தி. உங்கள் காலுக்கும் நாள் கணக்குத் தெரியாது. மருத்துவரைக் கேட்டு, அதற்காக நீங்கள் எண்ணுங்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி: 250 கிலோ எடையுள்ள மட்டக் குதிரை நிற்கும்போதும் பாய்ச்சலின்போதும் அதன் ஒரு முன்னங்காலின் மீது வரும் சுமை எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள். விடையைப் பார்த்ததும், சிலை செய்தவர் ஏன் வயிற்றுக்கு முட்டுக் கொடுத்தார் என்பதையும் சிந்தியுங்கள்.