கிருமியின் பூர்வீகம்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வருகிறவர்களில் வயல்வேலை செய்கிறவர்கள் நிறைய. கதிரடிக்கும்போது நெல்லோ வைக்கோல் நுனியோ கண்ணில் பட்டிருக்கும். பல சமயம் பூஞ்சைதான் காரணம். ஆனால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா புகுந்துவிட்டால் அவகாசமே இல்லை. இரண்டு மூன்று நாளில் கருவிழி கரைந்து ஓட்டை விழுந்துவிடலாம்.

புண்ணைச் சுரண்டிக் கல்ச்சர் போட்டால் தட்டில் நீலப்பச்சை படரும், பழுத்த திராட்சை வாசம் அடிக்கும். அந்தக் கிருமியை இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து ஊறிய காகித வில்லைகளை மேலே வைப்பார்கள். மருந்துக்குக் கட்டுப்பட்டால் வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். கட்டுப்படாத கிருமி வில்லையின் விளிம்புவரை ஏறி நிற்கும்.

எந்த மருந்து பலிக்காது என்பது இதிலேயே தெரிந்துவிடும். கிருமி எங்கிருந்து வந்தது என்று அறியத்தான் அதன் மரபணுத் தொகுப்பை முழுதாக வாசிக்க வேண்டும். சூடோமோனாஸுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிர் இழை வளரவிடுகிறார்கள். ஓர் எழுத்து ஒட்டும்போதெல்லாம் ஒளிரும் நிறத்தைக் கேமரா படம்பிடிக்கிறது. துண்டுகளின் ஒத்த ஓரங்களைக் கணினி பொருத்துகிறது. ஒரே வார்டில் இருவரிடம் எடுத்த கிருமிகளுக்குள் சில எழுத்துகளே மாறியிருந்தால், இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஆயிரக்கணக்கில் மாறியிருந்தால் வெவ்வேறு வழி.

2023-இல் இது அமெரிக்காவில் நிரூபணமானது. 18 மாநிலங்களில் 81 பேருக்கு, கடைசிக் கட்ட மருந்துகளான கார்பபெனெம்களுக்கும் அடங்காத சூடோமோனாஸ் தொற்று. 4 பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போயிற்று. எங்கெங்கோ இருந்த நோயாளிகள்; ஆனால் கிருமி ஒரே வம்சம், அதற்குமுன் அந்த நாட்டில் காணாதது. எதிர்ப்பைத் தரும் விஐஎம், ஜிஇஎஸ் என்ற இரு மரபணுக்கள் அதில் இருந்தன. நோயாளிகளில் பலர் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து போட்டவர்கள். திறந்த புட்டிகளில் இருந்த கிருமியும் அதே வம்சம் என்று வாசிப்பு காட்டியது. மருந்து தயாரானது சென்னை அருகே. இங்கே எடுத்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொன்னது.

ஒவ்வொரு நோயாளிக்கும் இந்த வாசிப்பு தேவையில்லை. கல்ச்சர் தவறவே கூடாது என்பேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் சொட்டைப் போட்டுக்கொண்டு நாள் கடத்தி வந்தால், புண்ணில் எடுத்தது தட்டில் வளராமலே போகலாம். அப்போது மருத்துவர் ஊகத்தில்தான் மருந்து எழுத வேண்டியிருக்கும்.