கரையிலிருந்து 36 மணி நேரம்

கோஸ்டாரிகாவின் பசிபிக் கரையிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர் தொலைவில், சுற்றிலும் வேறு நிலமே இல்லாத இடத்தில் இருக்கிறது கோகோஸ் தீவு. பரப்பளவு ஏறக்குறைய 24 சதுர கிலோமீட்டர்தான். தேசியப் பூங்காவின் காவலர்களைத் தவிர யாரும் அங்கே குடியிருப்பதில்லை. விமான ஓடுதளம் கிடையாது, விடுதி கிடையாது. புண்டாரெனாஸ் துறைமுகத்தில் படகேறினால் சுமார் 36 மணி நேரக் கடற்பயணம். போய்ச் சேர்ந்த பிறகு உண்பது, உறங்குவது, முக்குளிப்பது எல்லாம் அந்தப் படகை நம்பித்தான். ஸ்கூபா முக்குளிப்பவர்கள் இதை ‘லிவ்அபோர்டு’ பயணம் என்பார்கள்.

இவ்வளவு தூரம் போகக் காரணம் கொம்பன் சுறாக்கள். உலகில் வெகு சில இடங்களில்தான் இவை இப்படிப் பெருங்கூட்டமாகத் திரள்கின்றன. மனிதர் எளிதில் எட்ட முடியாத தொலைவு அவற்றை ஓரளவு காத்து வந்திருக்கிறது. அதே தொலைவு, அங்கே போகும் மனிதரை மருத்துவமனையிலிருந்து ஒன்றரை நாள் தள்ளி நிறுத்துகிறது. இந்தப் பயணத்துக்கான எல்லா முடிவுகளையும் இந்த ஒன்றரை நாளை மனதில் வைத்தே எடுக்க வேண்டும்.

கடலடி மலையும் சுறாக் கூட்டமும்

கடலுக்கு அடியில் கோகோஸ் மேடு என்ற நீண்ட எரிமலைத் தொடர் ஓடுகிறது. அதில் நீர்மட்டத்துக்கு மேல் தலைகாட்டும் ஒரே சிகரம் இந்தத் தீவு. ஆழத்தில் வரும் நீரோட்டங்கள் மலைச்சரிவில் மோதி மேலே எழும்போது, அடியில் தங்கியிருந்த சத்துகளும் உடன் எழுகின்றன. அவற்றால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைச் சிறுமீன்கள் தின்ன, சிறுமீன்களைப் பெருமீன்கள் தொடர்கின்றன.

கொம்பன் சுறாக்கள் பகலில் இந்தச் சரிவுகளை ஒட்டித் திரிகின்றன. மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சி மீன் வகை ஒன்று அவற்றின் தோலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். அதற்காகவே சுறாக்கள் பாறைகளுக்கு அருகே வந்து வேகத்தைக் குறைக்கின்றன. இரவானதும் கணவாயும் மீனும் தேடி ஆழ்கடலுக்குக் கலைந்துபோகின்றன. கலிஃபோர்னியா வளைகுடாவில் இச்சுறாக்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த பீட்டர் கிளிம்லி, கடலடிப் பாறைகளின் காந்தப்புல வேறுபாடுகளை வழித்தடமாகக் கொண்டே அவை இருட்டில் போய்த் திரும்புகின்றன என்று கருதினார்.

முக்குளிப்பவர் செய்ய வேண்டியதும் இதிலிருந்தே தெரிகிறது. சுறாவைத் துரத்தக் கூடாது. மீன்கள் சுத்தம் செய்யும் பாறை அருகே மறைவாக இருந்து, குமிழிகள் அதிகம் கிளம்பாதபடி மெதுவாக மூச்சுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மிரளாத சுறா தானாகவே பக்கத்தில் வரும்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் ஒப்பளவில் அமைதியாக இருக்கும், நீரும் தெளிவாக இருக்கும். மே முதல் நவம்பர் வரையிலான மழைக்காலத்தில் பயணம் ஆட்டமாக இருக்கும், நீர் கலங்கும். ஆனால் அந்தக் கலங்கலே மிதவை உயிர்களின் பெருக்கம் என்பதால், கொம்பன் சுறாக்களைத் திரளாகக் காண விரும்புவோர் பெரும்பாலும் மழைக்காலத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

மாதத்தைப் பார்ப்பதோடு ஆண்டையும் பார்க்க வேண்டும். எல் நினோ வரும்போது கிழக்குப் பசிபிக்கின் மேற்பரப்பு சூடாகிறது, குளிர்ந்த நீரடுக்கு ஆழத்துக்கு இறங்குகிறது. குளிர்ச்சியை நாடும் கொம்பன் சுறாக்களும் முக்குளிப்பவர் எட்ட முடியாத ஆழத்துக்கு இறங்கிவிடும் அல்லது விலகிப் போகும். 1982–83இன் கடும் எல் நினோவில் கோகோஸின் பவளங்களில் பெரும்பகுதி மடிந்தது. இத்தகைய பயணங்களுக்கு ஓராண்டுக்கும் முன்பே இடம்பிடிப்பது வழக்கம். பணம் கட்டும் முன், எல் நினோ குறித்து வானிலை மையங்கள் வெளியிடும் முன்கணிப்பைப் படித்துவிடுவது நல்லது.

நாளுக்கு நாள் சேரும் நைட்ரஜன்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் உடலின் மீதான அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரிந்து மூட்டுவலி, மரத்துப்போதல், சில நேரம் பக்கவாதம்வரை கொண்டுபோகும். இதுதான் அழுத்த நோய்.

1908இல் பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவரது குழுவினரும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, நைட்ரஜன் எல்லாத் திசுக்களிலும் ஒரே வேகத்தில் ஏறி இறங்குவதில்லை என்ற அடிப்படையில் முதல் அட்டவணையை வகுத்தார்கள். இன்று மணிக்கட்டில் கட்டும் முக்குளிப்புக் கணினிகளில் பல, அதே அடிப்படையில் சில நிமிடங்களில் நிறையும் திசு முதல் பல மணி நேரம் எடுக்கும் திசுவரை தனித்தனியே கணக்கிடுகின்றன.

லிவ்அபோர்டு பயணத்தின் தனிச்சிக்கல் இங்கேதான். நாளுக்கு மூன்று முறை, சில நாள் நான்கு முறைகூட, ஆறேழு நாள் தொடர்ந்து முக்குளிப்பவரின் மெதுவான திசுக்களில் நைட்ரஜன் முழுதும் வெளியேறுமுன் மேலும் சேர்கிறது. நான்காம் ஐந்தாம் நாளில் களைப்பும் கூடும், துணிச்சலும் கூடும். நடுவில் ஒரு முக்குளிப்பை, முடிந்தால் அரை நாளை, ஓய்வுக்கென ஒதுக்குவதை ஊரிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆக்சிஜன் 32 விழுக்காடாகக் கூட்டப்பட்ட ‘நைட்ராக்ஸ்’ கலவை இதற்கு உதவும். 30 மீட்டரில் அதைச் சுவாசித்தால், சாதாரணக் காற்றில் சுமார் 24 மீட்டரில் இருப்பதற்கு இணையான நைட்ரஜனே உடலில் ஏறும். ஆனால் அதே கலவையோடு 34 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 வளிமண்டலத்தைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. கோகோஸின் அல்சியோன் என்னும் புகழ்பெற்ற கடலடிக் குன்றின் உச்சியே சுமார் 25 மீட்டர் ஆழத்தில் இருப்பதால், எல்லைக்கும் நமக்கும் இடையே சில மீட்டர்களே மிஞ்சும். நைட்ராக்ஸ் பயிற்சியைப் படகில் ஏறும் முன்பே முடித்திருக்க வேண்டும்.

உதவி வரும்வரை

அழுத்த நோய் கண்டவருக்கு முதலுதவி தூய ஆக்சிஜன். முழுச் சிகிச்சைக்கு அழுத்த அறை வேண்டும், அது பெருநிலத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 36 மணி நேரம் ஆக்சிஜன் கொடுக்க 32,400 லிட்டர் தேவை. 50 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய சிலிண்டரை 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 10,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு நோயாளிக்கு மூன்று சிலிண்டருக்கு மேல் வேண்டும். படகில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பதிவு செய்யுமுன்பே கேளுங்கள். அழுத்த அறைச் சிகிச்சையையும் கடல்வழி மீட்பையும் ஏற்கும் முக்குளிப்புக் காப்பீட்டைக் கட்டாயம் எடுங்கள்.

கடலில் தனித்துவிடப்படுவது இன்னொரு ஆபத்து: நீரோட்டம் இழுத்துப்போகலாம், படகே விட்டுவிட்டுப் போகலாம். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் முக்குளித்த ஒரு தம்பதியை, தலைகளைச் சரியாக எண்ணாமல் விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்களைக் காணவில்லை என்பது தெரியவே இரண்டு நாளாயிற்று, அவர்கள் கிடைக்கவேயில்லை. ஒவ்வொரு முறையும் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் படகையே நம்பலாம். நிமிர்ந்து மிதக்கும் நீண்ட அடையாள மிதவை, விசில், ஒளிவிளக்கு, ஜிபிஎஸ் இருப்பிடத்தை அனுப்பும் அவசரக் கருவி ஆகியவை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். மிதவையை நீருக்கடியிலிருந்து மேலே விடும் பழக்கம் கைக்கு வந்த பிறகே இவ்வளவு தொலைவு போக வேண்டும்.

படகுக்குள்ளும் ஆபத்து இருக்கிறது. 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிஃபோர்னியாவின் சாண்டா க்ரூஸ் தீவருகே நின்றிருந்த ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புப் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். இரவில் சுற்றிவந்து கண்காணிக்க ஆள் நிறுத்தப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. இரவுக் காவல் உண்டா, படுக்கையறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே திறக்கிறது, லித்தியம் பேட்டரிகளை எங்கே, யார் பார்வையில் சார்ஜ் செய்கிறார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பதில் சொல்லத் தயங்கும் படகை விட்டுவிடுங்கள்.

கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது, பல நாள் முக்குளித்தவர்களுக்கான பரிந்துரை. கோகோஸிலிருந்து திரும்பும் கடல்வழியே அதைவிட நீளம் என்பதால் இங்கே கவலையில்லை. விமான நிலையம் அருகிலேயே இருக்கும் பிற தீவுகளில் இந்தக் கணக்கு தவறிவிடக் கூடாது.

வழிகாட்டிகள் எண்ணிய சுறாக்கள்

கோகோஸ் படகுகளின் வழிகாட்டிகள் ஒவ்வொரு முக்குளிப்பிலும் கண்ட சுறாக்களையும் திருக்கைகளையும் 1993 முதல் ஏட்டில் குறித்துவந்தார்கள். 27,000-க்கும் மேற்பட்ட முக்குளிப்புகளின் அந்தக் குறிப்புகளை ஆய்ந்த அறிவியலாளர்கள் 2015இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் இருபது ஆண்டுகளில் கொம்பன் சுறாக்கள் 45 விழுக்காடும், வெண்முனைப் பவளச் சுறாக்கள் 77 விழுக்காடும் குறைந்திருந்தன. தீவைச் சுற்றிப் பாதுகாப்பு இருந்தும் இந்த நிலை. ஒரு காரணம், கொம்பன் சுறாக்களில் சில கோகோஸுக்கும் கலாபகோஸுக்கும் இடையே வலசை போகின்றன, வழியில் தூண்டில் வரிசைகள் விரித்திருக்கின்றன. 2019இல் கொம்பன் சுறா மிகவும் அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2021 டிசம்பரில் கோஸ்டாரிகா பூங்காவின் கடற்பரப்பைச் சுமார் 2,000 சதுர கிலோமீட்டரிலிருந்து ஏறக்குறைய 55,000 ஆக விரிவாக்கியது. அந்த முடிவுக்கு வலுச் சேர்த்த சான்றுகளில் முக்குளிப்பவர்களின் கண்களும் பங்களித்திருக்கின்றன.

ஆகவே படகைத் தேர்ந்தெடுக்கும்போது ஆக்சிஜன், இரவுக் காவல், தலை எண்ணிக்கை ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் விசாரியுங்கள்: கண்டதை எழுதிவைத்து ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிறார்களா? கொடுக்கிறார்கள் என்றால் நீங்களும் எண்ணுங்கள். எத்தனை சுறா, எந்த ஆழம், நீரின் வெப்பநிலை என்ன என்று படகேறியதும் எழுதிவிடுங்கள். ஒரு சுறாகூடத் தென்படாத முக்குளிப்பையும் விடாமல் எழுதுங்கள். சரிவு எப்போது தொடங்கியது என்பதை ஆய்வாளருக்குக் காட்டுவது அந்தப் பூஜ்யங்கள்தான்.