அரசின் குரலும் மீனவரின் பதிலும்

கடலோரப் பங்குகளில் அரசின் அறிவிப்பு எவ்வாறு மக்களை வந்தடையும் என்பதை நாம் அறிவோம். மீன்வளத்துறையிலிருந்து தகவல் வரும். 'இன்று யாரும் கடலுக்குப் போக வேண்டாம்' என்று ஆலய ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். இன்று அதே அறிவிப்பு குறுஞ்செய்தியாகவும் வாட்ஸ்அப் செய்தியாகவும் நம் கைக்கே வந்துவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு அரசு நடத்திய சோதனையின்போது கைப்பேசிகள் திடீரென்று அலற, பலர் பதறிப்போனது நினைவிருக்கலாம். புதிய ஊடகங்களால் அரசின் குரல் விரைவாக வருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மக்களின் குரல் அதே வழியில் திரும்பிச் செல்கிறதா? நம் மீனவக் குடும்பங்களுக்கு இது உயிரோடு தொடர்புடைய கேள்வி.

முதலில் ஒரு நல்ல எடுத்துக்காட்டைப் பார்ப்போம். புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் இறுதியில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரத்தைக் குறித்தெடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு கிராமத்தவர் ஒருவர் சுனாமிச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, அங்கிருந்த ஒலிபெருக்கியால் மக்கள் எச்சரிக்கப்பட்டு வெளியேறினார்கள். அந்த எச்சரிக்கை அரசிடமிருந்து வந்ததல்ல. நம் நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் செயல்படத் தொடங்கியது 2007-இல்தான்.

ஒக்கிப் புயலின்போது நிலைமை வேறு. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே புயலாகிவிட்டது. வானிலைத் துறையின் அறிக்கைகள் வெளியாயின. ஆனால் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள்; புயல் உருவாகும் முன்பே பலர் வெகுதூரம் சென்றிருந்தார்கள். கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினால் கைப்பேசி வேலை செய்யாது. வயர்லெஸ் கருவிக்கும் எல்லை உண்டு. அறிக்கை இருந்தது, அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

கரையில் இருந்தவர்களின் வேதனை இன்னொரு விதமானது. எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசின் கணக்கும் ஊர்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. காணாமல் போனவர்களின் பெயர்களை ஊர்களும் பங்குகளும் சேகரித்தன. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு மறியல் செய்தார்கள். தங்கள் கணக்கை அரசு கேட்பதற்கு அவர்கள் தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது.

இதற்குப் பின் 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்னும் சிறு கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் கைப்பேசிக்குக் கொடுக்கும் கருவி இது. கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. பெரிய உதவிதான். ஆனால் இதுவும் ஒருவழிக் கருவியே. எஞ்சின் பழுதானாலும், ஆள் தவறிக் கடலில் விழுந்தாலும் அதன் மூலம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

இருவழித் தொடர்புக்கான டிரான்ஸ்பாண்டர் கருவியை இஸ்ரோ உருவாக்க, அதை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30 அன்று தொடங்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 360 கோடி ரூபாய். ஆபத்திலிருக்கும் படகிலிருந்து இதன் வழியாகக் கரைக்குச் செய்தி அனுப்பலாம். ஒக்கிக்கும் இதற்கும் இடையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் போய்விட்டன என்பது வருத்தமே. தம் படகு நிற்கும் இடம் பிறருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்குகிற மீனவர்களும் உண்டு. நல்ல மீன்பாடு உள்ள இடத்தை யார்தான் ஊருக்குச் சொல்வார்! என்றாலும் உயிர் காக்கும் கருவியை அதற்காக ஒதுக்கிவிடக் கூடாது.

கருவி படகைத்தான் காட்டும். அந்தப் படகில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கரையில்தான் எழுதி வைக்க வேண்டும். படகின் பதிவு எண், ஆட்களின் பெயர்கள், வீட்டுத் தொலைபேசி எண்கள் ஆகியவற்றைப் புறப்படும் ஒவ்வொரு முறையும் எழுதி, ஒரு படியை மீன்வளத்துறை அலுவலகத்திலும் மற்றொன்றைப் பங்கு அலுவலகத்திலும் கொடுத்து வைக்கலாம். நம் படகுகளில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பெயர்களையும் விடாமல் சேர்க்க வேண்டும். அவர்களைத் தேடி நம் கடற்கரையில் வந்து நிற்க உறவினர் யாரும் இங்கே இல்லை.