பையில்லாத உடை தந்த சிற்பம்

ஜப்பானியரின் பாரம்பரிய உடையான கிமோனோவில் நம் சட்டையில் இருப்பது போன்ற பைகள் இல்லை. அதனால் ஆண்கள் புகையிலைப் பை, மருந்துச் சிமிழ் போன்றவற்றைக் கயிற்றில் கோத்து இடுப்புப் பட்டியில் தொங்கவிட்டனர். கயிறு நழுவாதிருக்க அதன் மேல்முனையில், பட்டிக்கு மேலே நிற்கும்படி ஒரு சிறு குமிழைக் கட்டினர். அதன் பெயர் நெட்சுகே.

எடோ காலத்தில் (1603-1868) இந்தக் குமிழ் தனியொரு கலையாக வளர்ந்தது. ஆடம்பரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் இருந்த அக்காலத்தில், பணம் படைத்த வணிகர்கள் தம் ரசனையைக் காட்ட இது வழிவிட்டது. யானைத்தந்தத்திலும், 'சுகே' எனப்படும் இறுகிய மரத்திலும் எலி, நத்தை, துறவி, பேய் என எல்லாமே செதுக்கப்பட்டன. 1781இல் ஒசாகாவில் வெளியான 'சோகென் கிஷோ' என்ற நூல் ஐம்பதுக்கும் மேற்பட்ட செதுக்குநர்களைப் பட்டியலிட்டது.

நெட்சுகேயின் படம் கிடைத்தால் நான் முதலில் தேடுவது அதன் அடிப்பக்கத்தைத்தான். கயிறு நுழையும் இரு துளைகள் பெரும்பாலும் அங்கே இருக்கும். முடிச்சை மறைக்க ஒரு துளை சற்றுப் பெரிதாக இருப்பதுண்டு. பட்டுத்துணியில் சிக்காதிருக்க எலியின் வால் உடலோடு சுருண்டு கிடக்கும். கூர்முனை எதுவும் நீட்டி நிற்காது. இடுப்பில் அது எப்பக்கமும் திரும்பக்கூடும் என்பதால் அடிப்பக்கமும் கவனமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அழகை இங்கே தீர்மானித்தது பயன்பாடுதான்.

மெய்ஜி ஆட்சியில் மேற்கத்தைய உடை பரவியது. சட்டைப்பை வந்ததும் குமிழுக்கு வேலை இல்லாமற் போனது. வெளிநாட்டவர் அவற்றை வாங்கிச் சென்றனர். இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவை உள்ளன. வியன்னாவுக்குச் சென்ற ஒரு தொகுப்பில் 264 நெட்சுகேகள் இருந்தன. நாசிகள் யூதக் குடும்பமொன்றின் வீட்டைக் கைப்பற்றியபோது, பணிப்பெண் அவற்றைச் சிறிது சிறிதாகத் தன் மேலங்கிப் பையில் எடுத்துச் சென்று மெத்தைக்குள் ஒளித்துக் காத்தார் என, அக்குடும்பத்தின் வழித்தோன்றலான எட்மண்ட் டி வால் 2010இல் எழுதினார்.

பை இல்லாததால் பிறந்த பொருளை ஒரு பைதான் காப்பாற்றியது. ஆனால் அதை அன்றாடம் அணிந்த வாழ்க்கையை எவராலும் காப்பாற்ற முடியவில்லை. ஜப்பானில் இன்றும் நெட்சுகே செதுக்குவோர் உள்ளனர். கியோத்தோவில் 2007இல் அதற்கெனவே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. எனினும் பெரும்பாலானவை நேராகக் கண்ணாடிப் பேழைக்கே போகின்றன. ஒரு கைவினை அழிவது கைத்திறன் குறைவதால் மட்டுமல்ல, அதற்கான தேவை மறைவதாலும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.