கடலூர்த் துறையில் கப்பல்களுக்கான உணவு, நீர் வழங்கல்

கடலூர்த் துறையில் கப்பல்களுக்கான உணவு, நீர் வழங்கல் என்பது, தமிழ்நாட்டின் கடலூர் முதுநகரை ஒட்டிய கடலில் நங்கூரமிட்ட பாய்மரக் கப்பல்களுக்குத் தேவையான குடிநீர், அரிசி, காய்கறி, கால்நடை, விறகு முதலியவற்றைக் கரையிலிருந்து கொண்டுசென்று சேர்த்த பணியைக் குறிக்கும். 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரை முழுவதும் இப்பணி நடைபெற்றது. சிதம்பரத்திற்கு அண்மையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையும் இத்தகைய துறைகளுள் ஒன்றாகும். 1781 முதல் 1783 வரை இப்பகுதியில் நடந்த போர்களின் போக்கை இவ்வழங்கலே பெரிதும் தீர்மானித்தது.

கரையின் தன்மை

சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் இல்லை. உப்பனாற்றின் முகத்துவாரம் சிறு தோணிகளுக்கு மட்டுமே ஏற்றது. மணல்திட்டு பெரிய கலங்களைத் தடுக்கிறது. எனவே கப்பல்கள் கரையை நெருங்காமல் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. கரைக்கும் கப்பலுக்கும் இடையில் ஓயாத அலையெழுச்சி இருந்தது. ஐரோப்பியக் கப்பல்களின் சொந்தப் படகுகள் இவ்வலைகளில் கவிழ்ந்தும் உடைந்தும் போயின.

இதற்கு மாறாக, இலங்கையின் திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. ஆனால் அதன் சுற்றுப்புறத்தில் ஒரு பெரும் கப்பற்படைக்குப் போதிய உணவு கிடைக்கவில்லை. துறைமுகம் உள்ள இடத்தில் அரிசி இல்லை. அரிசி உள்ள இடத்தில் துறைமுகம் இல்லை. வங்கக் கடலில் போரிட்ட இரு ஐரோப்பிய அரசுகளும் கடைசி வரை எதிர்கொண்ட சிக்கல் இதுவேயாகும்.

படகுகளும் இடையாட்களும்

அலைகளைக் கடக்கப் பயன்பட்டது மசூலாப் படகு. இதன் பலகைகள் இரும்பு ஆணியால் அறையப்படாமல், தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலை மோதும்போதும் தரை தட்டும்போதும் உடல் வளைந்து கொடுத்ததால் படகு பிளக்கவில்லை. மசூலாவும் செல்ல இயலாத நாட்களில் கட்டுமரங்கள் சென்றன. கட்டுமரக்காரர்கள் கப்பலுக்கான கடிதங்களைப் பனையோலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் வைத்து நனையாமல் கொண்டு சேர்த்தனர். ஆங்கிலத்தில் இன்று ஈருடல் படகுகளைக் குறிக்கும் சொல் 'கட்டுமரம்' என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கரையில் பொருள் வாங்கும் வேலையைத் துபாசிகள் கவனித்தனர். இரு மொழி அறிந்தவர் என்பது இச்சொல்லின் பொருள். எனினும் இவர்களை மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் கொள்வது தவறு. நாணயம் மாற்றுதல், விலை பேசுதல், கடன் கொடுத்தல், படகு அமர்த்துதல் அனைத்தும் இவர்கள் வழியாகவே நடந்தன. அண்டையிலுள்ள புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநரின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பில், கப்பல் வந்த செய்தி ஒவ்வொன்றும் எவ்வளவு ஆவலுடன் எதிர்பார்க்கப்பட்டது என்பதைக் காணலாம்.

இவ்வணிகத்தின் சுவடு தமிழிலும் தங்கியுள்ளது. பீப்பாய், விசுக்கோத்து ஆகியவை போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்த சொற்கள். இரண்டும் கப்பல் உணவறைக்கு உரியவை.

குடிநீர்

எல்லாவற்றிலும் கடினமானது குடிநீரே. ஒரு பெரிய போர்க்கப்பலில் ஏறத்தாழ 600 பேர் இருந்தனர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று குறைவாகக் கணக்கிட்டாலும், 60 நாட்களுக்கு 1,08,000 லிட்டர், அதாவது 108 டன் நீர் வேண்டும். இதை நல்ல நீர் ஊறும் கிணறுகளிலிருந்து இறைத்து, பீப்பாய்களில் நிரப்பி, அலை தாண்டிப் படகில் கொண்டுபோய், கயிறு கட்டி மேலே ஏற்ற வேண்டும். மரப் பீப்பாயில் நீர் சில வாரங்களிலேயே கெட்டு நாற்றமடித்தது.

உப்பிட்ட இறைச்சியையும் விசுக்கோத்தையும் மட்டும் உண்ட மாலுமிகளை ஸ்கர்வி நோய் தாக்கியது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்கள் இதைத் தீர்க்கும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் 1747 இல் சோதித்துக் காட்டினார். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை 1795 இல்தான் முறையாக வழங்கத் தொடங்கியது. கடலூருக்கு வந்த கப்பல்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்தவை. இரண்டு மைல் தொலைவில் எலுமிச்சை காய்த்துக் கிடக்க, கப்பலில் ஈறு அழுகி மாலுமிகள் இறந்தனர் என்பது வியப்பன்று. இடையிலிருந்த அலையும் எதிரியும் அத்தகையவை.

1781–1783

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி 1690 இல் தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையிலான ஊர்களும் விற்பனையில் அடங்கின. புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற இது, 1746 இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது கம்பனியின் தென்னிந்தியத் தலைமையிடமாயிற்று. 1758 இல் லாலியின் படை இதனைக் கைப்பற்றியது.

இரண்டாம் மைசூர்ப் போரின்போது, 1781 பெப்ரவரியில், அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை கடலூரில் தங்கியிருந்தது. நிலப்பகுதி ஐதர் அலியின் குதிரைப்படை வசம் இருந்ததால் கடல்வழி வரும் உணவை மட்டுமே அப்படை நம்பியிருந்தது. அவ்வேளையில் தோர்வ் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பல்கள் இக்கடலில் இருந்தன. அவை தங்கியிருந்தால் ஆங்கிலப் படை பட்டினியால் சரணடைய நேர்ந்திருக்கலாம். ஐதர் அலி வேண்டியும் அவை சில நாட்களில் மொரிசியசுக்குத் திரும்பின. கடலூருக்கு மீண்டும் கடல்வழி உணவு வந்தது. கூட், ஜூன் மாதத்தில் ஐதரின் காவற்படை இருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றபோதிலும், ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைப் போரில் வென்றார்.

அடுத்த ஆண்டு நிலை மாறியது. 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் கடலூரைக் கைப்பற்றினர். கடற்படைத் தலைவர் சுஃப்ரேன் இதனைத் தம் வழங்கல் தளமாக்கிக் கொண்டார். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் இக்கரையைக் கப்பல்களுக்கு மூடிவிடும். அவ்வாண்டு அக்டோபரில் சுஃப்ரேன் சுமாத்திராவின் அச்சே துறைக்குச் சென்று தங்கினார். அவரது எதிரி எட்வர்ட் ஹியூஸ் பம்பாய்க்குச் சென்றார்.

1783 ஜூனில் ஆங்கிலத் தரைப்படை கடலூரை முற்றுகையிட்டது. ஹியூசின் 18 போர்க்கப்பல்கள் அதற்குக் காவலாக நின்றன. ஜூன் 20 அன்று 15 கப்பல்களுடன் சுஃப்ரேன் அவரைத் தாக்கினார். இரு தரப்பிலும் ஒரு கப்பல்கூட இழக்கப்படவில்லை. ஆனால் ஹியூசின் மாலுமிகள் பலர் ஸ்கர்வியால் படுத்திருந்தனர், நீரும் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் சென்னைக்குத் திரும்பினார். சுஃப்ரேன் கடலூரின் முன் நங்கூரமிட்டார். முற்றுகையிட்டவர்களே உணவுவழி அறுந்து தவித்தனர். அம்மாத இறுதியில் ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்து சண்டை நின்றது. கடலூர் 1785 இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிற்காலம்

நீராவிக் கப்பல்களும், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சென்னையின் செயற்கைத் துறைமுகமும் இவ்வணிகத்தைக் கடலூரிலிருந்து அகற்றின. எனினும் கப்பலைக் கடலில் நிறுத்திச் சரக்கைத் தோணியில் ஏற்றியிறக்கும் முறை 20 ஆம் நூற்றாண்டிலும் இங்கு தொடர்ந்தது. தற்காலத்தில் வெளிநாடு செல்லும் கப்பல்களுக்கான பொருட்கள் 1962 ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் தனி அத்தியாயம் பெற்றுள்ளன. இறக்குமதியான பொருள் கப்பலிலேயே நுகரப்படுமாயின் அதற்குத் தீர்வை இல்லை.

சிறு பாய்மரப் படகுகளில் வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றிவரும் பயணிகள் இன்றும் பழைய முறையையே பின்பற்றுகின்றனர். படகை விரிகுடாவில் நிறுத்தி, சிறு தோணியில் கரையேறி, சந்தையில் காய்கறி வாங்கி, நெகிழிக் கலன்களில் நீர் சுமந்து திரும்புகின்றனர். முதுநகர் மீன்பிடித் துறையில் விசைப்படகுகள் கடலுக்குப் புறப்படுமுன் டீசல், பனிக்கட்டி, குடிநீர், அரிசி, மளிகைப் பொருட்களை ஏற்றிக்கொள்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடியும் நாளில் இவ்வேலை மிகுதியாக இருக்கும்.